எட்டு வயது மகளின் தனி செஸ் வகுப்பு: நிறுத்தலாமா, கோச்சை மாற்றலாமா?

ஆட்டம்பார்ப்பவள்:

வணக்கம். எனக்கு செஸ்ஸில் எந்தக் காய் எப்படி நகரும் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. கேள்வியே தப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு எட்டு வயது. ஆறரை வயதில் தாத்தா சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு வருடம் குழு வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே சத்தம், சந்தோஷமாகப் போய் வந்தாள். அங்கே இருந்தவர்கள் "இவளுக்குத் தனியாக கோச் வையுங்கள், வேகமாக வருவாள்" என்றார்கள். வைத்தோம். ஏழு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம், ஆன்லைனில். கோச் நல்ல மனிதர், நேரம் தவற மாட்டார், அவரே நன்றாக ஆடக்கூடியவர்.

இப்போது அவளுக்கு வெள்ளைக் காயில் பதினோரு மூவ் மனப்பாடம். லண்டன், காரோ-கான் என்று ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) பெயரெல்லாம் சொல்கிறாள். ஆனால் போன டோர்னமென்டில் ஏழு ரவுண்டில் இரண்டு பாயிண்ட். நான்கு ஆட்டத்தில் குதிரையையோ ராணியையோ சும்மா கொடுத்துவிட்டுத் தோற்றாள். மற்ற பிள்ளைகள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போது இவள் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து அழுகிறாள். வகுப்பு நாள் வந்தால் வயிற்று வலி வேறு. தாத்தா கூப்பிட்டால் மட்டும் எந்த நேரமும் போர்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

தனி வகுப்பு என்றால் உள்ளே என்னதான் நடக்க வேண்டும்? நான் பக்கத்து அறையில் இருந்து கேட்பேன். கோச்சின் குரல் மட்டும்தான் கேட்கும். அது சரியா தப்பா என்று சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் "கணக்கு நன்றாக வரும், விடாதே" என்கிறார். ஆடத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளிட்ஸ்பைத்தியம்:

வகுப்பை நிறுத்துங்க மேடம். நான் யாரிடமும் படித்ததில்லை. லைசெஸ் வெப்சைட்டில் பசில் எல்லாம் இலவசம், ஒரு நாளைக்கு முப்பது போட்டால் ஆறு மாதத்தில் தானாக வரும். எட்டு வயசுக்கு கோச் எதுக்கு? ஆடி ஆடித்தான் வரும்.

ஏழாம்வரிசையானை:

உங்கள் பதிவில் "கோச்சின் குரல் மட்டும்தான் கேட்கும்" என்ற வரியில் நின்றுவிட்டேன். மற்றது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி: பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுக்கிறேன். கிராண்ட்மாஸ்டர் கிடையாது, எந்தப் பட்டமும் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரைதான் எடுப்பேன். அதற்கு மேலே போனால் என்னைவிட நன்றாக ஆடும் ஆளிடம் அனுப்பிவிடுவேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பையன் வந்தான், உங்கள் மகள் வயதுதான். நல்ல ஞாபக சக்தி. எட்டு மாதம் அவனுக்கு இத்தாலியன் ஓப்பனிங்கைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். கேட்டால் கிளை கிளையாக ஒப்பிப்பான். எனக்கே பெருமையாக இருக்கும். ஒரு டோர்னமென்டில் எட்டாவது மூவிலேயே ராணியை விட்டுவிட்டு வந்தான். என்னடா ஆச்சு என்றேன். "மிஸ், நீங்க சொன்ன மூவை அவன் ஆடவே இல்ல" என்றான். நாலாவது மூவிலேயே எதிராளி ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிவிட்டான். அதற்கு அப்புறம் இவனுக்குப் பாதை இல்லை. எட்டு மாதமாக நான் பேசினேன், அவன் கேட்டான். அவன் என்ன நினைக்கிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞாபகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. செஸ்ஸே ஞாபகத்தில் ஓடுவதுதான். 1973ல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து ஒரு நிலையைச் சில விநாடிகள் காட்டிவிட்டு, திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்துவிட்டார், புதியவரால் கொஞ்சம்தான் முடிந்தது. அப்புறம் அதே காய்களை இஷ்டத்துக்குக் கலைத்துக் காட்டியபோது மாஸ்டரும் கிட்டத்தட்டப் புதியவர் அளவுக்கு இறங்கிவிட்டார். காய்களுக்கு நடுவில் ஓர் உறவு தெரிந்தால்தான் அவை மனதில் தங்குகின்றன. அந்தப் பையனுக்கு நான் கொடுத்த பதினைந்து மூவும் அவனைப் பொறுத்தவரை கலைத்துப் போட்ட காய்கள்தான். உங்கள் மகளின் பதினோரு மூவும் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

சரி, உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று கேட்டீர்கள். என் வகுப்பில் பாதி நேரம் பிள்ளை சொந்தமாக ஆடிய ஆட்டம்தான். டோர்னமென்டில் மூவ்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டைக் கொண்டுவர வேண்டும். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பரவாயில்லை, சேர்ந்து கண்டுபிடிப்போம். அதைப் பார்த்துப் பிள்ளையே போர்டில் ஆடிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் நான் கேட்பது ஒரே கேள்வி: "இங்கே என்ன நினைச்சே?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான். பதில் எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் நிற்கும், எதிரே பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாற்பது விநாடி, ஒரு நிமிடம்கூட ஆகும். பெற்றோர் அந்த நேரம் எட்டிப் பார்த்தால் "மிஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்றுதான் நினைப்பார்கள்.

அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் சரக்கு. ஒரு பெண் திரும்பத் திரும்பக் குதிரையை இழந்துகொண்டிருந்தாள். வீட்டில் "கவனமே இல்லை" என்று திட்டு. ஆட்டத்தைப் பேசவைத்துப் பார்த்தால், அவள் எதிராளியின் காய்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்க்கிறாள், தன் பக்கம் வரும் மூவை மட்டும். முன்னே வந்து நிற்கும் ராணி பின்பக்கமாகப் போய் ஒரு காயை வெட்டும் என்பது அவள் கண்ணில் படவே இல்லை. பின்னோக்கிப் போகும் மூவும் மூலையிலிருந்து மூலைக்குப் பாயும் பிஷப்பும் பிள்ளைகளுக்கு எளிதில் தெரியாது. இரண்டு வாரம் அவளுக்கு அதை மட்டும் கொடுத்தேன். இன்னொரு பையனும் அதே மாதிரி குதிரையை விடுவான். அவன் காரணம் வேறு: தன் தாக்குதலில் மூழ்கி, எதிராளி கடைசியாக என்ன ஆடினான் என்றே பார்க்க மாட்டான். மூன்றாவது ஒருத்தன் இருந்தான், சீக்கிரம் முடித்தால் வெளியே விளையாடலாம் என்பதற்காகவே விடுவான். (அவனுக்கு நான் கொடுத்த வைத்தியம் செஸ்ஸிலிருந்து ஓய்வு. ஒரு வருடம் கழித்துத் தானே வந்தான்.) மூவருக்கும் குழு வகுப்பில் "பார்த்து ஆடு" என்ற ஒரே மருந்துதான் கிடைத்திருக்கும். தனி வகுப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான். கோச் பாடம் நடத்துகிறார், பிள்ளை கேட்கிறது என்றால், அதை யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஓப்பனிங்கில் இந்த வயதுக்கு என்ன வேண்டும்? நடுக்கட்டங்களில் சிப்பாய், குதிரையும் பிஷப்பும் வெளியே, காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது). பிஷப்பும் ராணியும் சேர்ந்து எஃப்7 கட்டத்தில் அடிக்கும் நாலு மூவ் மேட்டைத் தடுக்கத் தெரிய வேண்டும். போதும். மீதி நேரம் ஆட்டத்தின் கடைசிப் பக்கத்துக்கு. முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவே முதலில் எண்ட்கேமைப் படி என்றவர்தான். ராஜாவும் ராணியும் மட்டும் வைத்துத் தனி ராஜாவை மேட் பண்ணச் சொல்லுங்கள். பதினோரு மூவ் ஒப்பிக்கும் பிள்ளை இதில் திணறும். கருப்பு ராஜா ஏ8 மூலையில் இருக்கும்போது ராணியை பி6ல் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்து பார்க்கும். ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆட மூவும் இல்லை. டிரா. இதை ஒரு தடவை சொந்தமாகச் செய்த பிள்ளை மறக்காது.

பிளிட்ஸ்பைத்தியம் தம்பி சொன்ன பசில் நல்லதுதான், நானும் கொடுக்கிறேன். ஆனால் திரையில் தப்பாக வைத்தால் சிவப்பு வரும், உடனே வேறொன்றைத் தட்டலாம். எட்டு வயதுப் பிள்ளை பத்து நாளில் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிடும், செஸ்ஸை இல்லை. முப்பது வேண்டாம், ஐந்து போதும். நிஜப் போர்டில் அடுக்கி, கையை வைக்காமல், பதில் முழுவதையும் வாயால் சொல்ல வேண்டும்.

பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறாள் என்பது தனி விஷயம். முன்பெல்லாம் "மூவை முதலில் எழுது, ஒரு தடவை பார், பிறகு ஆடு" என்று சொல்லிக்கொடுப்போம். இப்போது ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) விதிப்படி, டிரா கோரும் சில நேரம் தவிர, முன்கூட்டி எழுதக் கூடாது. யாராவது பழைய ஆள் இந்த யோசனையைச் சொன்னால் கேட்காதீர்கள், ஆர்பிட்டர் (நடுவர்) எச்சரிப்பார். அதற்குப் பதிலாக, ஆடி முடித்த மூவுக்குப் பக்கத்தில் கடிகாரத்தில் மீதி எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு அனுமதி உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் ராணியை விட்ட மூவுக்கு நான்கு விநாடி செலவழித்திருப்பது அவள் கையெழுத்திலேயே இருக்கும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

என்ஜின், அதாவது மூவ்களை அலசும் கம்ப்யூட்டர் புரோகிராம், வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டரில் போட்டு எத்தனை தப்பு என்று எண்ணுவது இப்போது பெரிய வியாதி. குகேஷ் 2019 ஜனவரியில் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுவரை அவரை என்ஜின் இல்லாமல்தான் வளர்த்தேன் என்று அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னா சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் அது பொருந்துமா என்பது வேறு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை.

ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, சீக்கிரம் கேட்பீர்கள். 2024 மார்ச்சிலிருந்து ஃபிடே பட்டியலில் 1400க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது. அதனால் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வந்த பிறகும், பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். சம ரேட்டிங் உள்ளவரிடம் ஓர் ஆட்டம் தோற்றால் 20 புள்ளி போகும், ஜெயித்தால் 20 வரும். ஏற்கெனவே நிறைய ஆடிய பெரியவருக்கு அதே ஆட்டத்தில் 10தான். மாதா மாதம் பார்த்தால் உங்களுக்குத்தான் ரத்த அழுத்தம் வரும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு: இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுத்துப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்கில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. கணக்குக்குக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். செஸ் பிடித்திருந்தால் செஸ் ஆடட்டும்.

கோச்சை உடனே மாற்றாதீர்கள். நேரம் தவறாமல் ஏழு மாதம் வருகிறவர் கிடைப்பது அரிது. முதலில் அவரிடம் பேசுங்கள்: அடுத்த நான்கு வகுப்புக்கு அவளுடைய ஆட்டங்களை மட்டும் பார்க்க முடியுமா, அவள் பேச அவர் கேட்க முடியுமா என்று. ஒரு மணி நேரத்தை முக்கால் மணி ஆக்குங்கள், அதிலும் கடைசிப் பத்து நிமிடம் அவளோடு அவர் ஆடட்டும். முடியாது என்றாலோ கோபப்பட்டாலோ அப்புறம் மாற்றலாம். அப்போதும் பெரிய பட்டத்தைத் தேடி ஓடாதீர்கள். ஃபிடேயில் ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டம் வேறு, பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பட்டம் வேறு. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கென்றே அதில் ஒரு படி உண்டு. ஆனால் அதையும் விட, ஒரு சோதனை வகுப்பு வைத்து யார் அதிகம் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

வயிற்று வலி நிஜம். நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

பழையசிப்பாய்:

மேலே சொன்னதற்கு ஒரு சாட்சி. ஏழு வயதிலிருந்து பதினான்கு வரை எனக்குத் தனி கோச் இருந்தார். கோச் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் விட்டதற்குக் காரணம் வகுப்பு இல்லை, டோர்னமென்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழி. அப்பா ஆட்டம் ஆட்டமாக விசாரிப்பார். "அங்கே ஏன் யானையை வெட்டினே?" அவருக்கு ஆடத் தெரியாது, வெளியே யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து கேட்பார். அந்த ஒரு மணி நேரம் நினைவுக்கு வந்தாலே ஆட்டத்தில் கை நடுங்கும். இப்போது நாற்பது வயதில் மறுபடி ஆடுகிறேன், நிறையத் தோற்கிறேன், ஜாலியாக இருக்கிறது. மகள் வெளியே வந்ததும் ஜெயிச்சியா என்று கேட்காமல் பசிக்குதா என்று கேளுங்கள். அப்புறம் அவளாகச் சொல்வாள்.

பிளிட்ஸ்பைத்தியம்:

ஏழாம்வரிசையானை சார், தட்டித் தட்டிப் பசில் போடுவது பற்றிச் சொன்னது என்னைத்தான் என்று புரிகிறது. போர்டில் அடுக்கி ஐந்து போட்டுப் பார்த்தேன். மூன்று தப்பு. சரி.

ஏழாம்வரிசையானை:

சார் இல்லை தம்பி, மிஸ். மேலேயே அந்தப் பையன் சொல்லியிருக்கிறான் பாருங்கள். பதிவைப் படிப்பதிலும் அதே வேகம்தான் போலிருக்கிறது.

ஆட்டம்பார்ப்பவள்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

கோச்சிடம் பேசத் தயங்கித் தயங்கி ஒரு வாரம் போனது. பேசினால், அவர் கோபப்படவில்லை, பெருமூச்சு விட்டார். "மேடம், நீங்கதானே ஒவ்வொரு வகுப்பு முடிஞ்சதும் இன்னிக்கு என்ன புதுசா நடத்துனீங்கன்னு கேப்பீங்க" என்றார். யோசித்தால் உண்மை. ஏழு மாதமாக நான் கேட்டது அதைத்தான். ஓப்பனிங்குக்குப் பெயர் இருக்கிறது, சொன்னால் எனக்குத் திருப்தியாக இருந்தது. "அவ ஒரு நிமிஷம் யோசிச்சா" என்று அவர் சொல்லியிருந்தால் இதற்கா பணம் கொடுக்கிறோம் என்று நினைத்திருப்பேன்.

இப்போது முக்கால் மணி நேரம். பக்கத்து அறையில் இருந்தால் இவள் குரல் கேட்கிறது, நடு நடுவே ஒன்றும் கேட்பதில்லை. அவள் ராணியை விடுவதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்களாம்: எதிராளி செக் வைத்தால் பயந்துபோய் முதலில் கண்ணில் படும் மூவை ஆடிவிடுகிறாள். செக்குக்கு மூன்று வழி உண்டு, ராஜா நகரலாம், நடுவில் மறைக்கலாம், செக் வைத்த காயை வெட்டலாம் என்று விரல் விட்டு எண்ணுகிறாள், மேசைக்கு அடியில்.

போன வாரம் ஒரு டோர்னமென்ட். மூன்று பாயிண்ட். பெரிய மாற்றம் இல்லை. ஆனால் ஓர் ஆட்டம் ஒரு மணி பத்து நிமிடம் போனது. கடைசி ஆளாக வெளியே வந்தாள். தோல்விதான். ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சிய நிலையில் எங்கோ தப்பு செய்துவிட்டாளாம். அழவில்லை. பசிக்குதா என்று கேட்டேன், "இரு, தாத்தாகிட்ட ஒண்ணு காட்டணும்" என்றாள்.

ஒரு சந்தேகம் மட்டும். தாத்தாவோடு ஆடும்போது இரண்டு பேரும் மூவை மாற்றி மாற்றி ஆடுவார்கள், "இரு இரு, தப்பா வச்சுட்டேன்" என்று. டோர்னமென்டில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டுமே. இந்தப் பழக்கம் கெடுக்குமா? தாத்தாவிடம் சொல்லி நிறுத்தவா?

ஏழாம்வரிசையானை:

ஐயையோ, தாத்தாவை ஒன்றும் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை இத்தனைக்கும் செஸ்ஸை வெறுக்காமல் இருப்பதே அவரால்தான். "இரு, தப்பா வச்சுட்டேன்" என்று ஒரு பெரியவர் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைகள் குறைவு. வேண்டுமானால் நாளுக்கு ஓர் ஆட்டம் மட்டும் தொட்டால் ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்ளட்டும், தாத்தாவுக்கும் அதே விதி. மற்றதெல்லாம் அவர்கள் இஷ்டம்.

அந்த ராஜா-சிப்பாய் ஆட்டத்துக்கு இதைத் தாத்தாவிடம் கொடுங்கள். வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கருப்பு ராஜா இ7. வேறு காய் கிடையாது. ஆடும் முறை வெள்ளைக்கு என்றால் டிரா. கருப்புக்கு என்றால் வெள்ளை ஜெயிக்கும். ஏன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்கம் மாற்றி மாற்றி இருபது தடவை ஆடட்டும், யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று வந்து சொல்லுங்கள்.